இடுப்பு மூட்டு விலகிய குழந்தைக்கு யார் எலும்பு?

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் எலும்பு வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் காரியதரிசி அவர்கள் வைத்திய சம்பந்தமாக ஏதேனும் பேசவேண்டுமென்று என்னைக் கேட்டபொழுது, நீரிழிவைப்பற்றியோ இரத்த அழுத்தத்தைப்பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பேச நம்முள் தக்கார் பலர் உளர். நானோ எலும்பு வைத்தியத்திலேயே காலம் கழித்தவன். ஆதலின், நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாமல் மூடிவைக்கப்படும் ஓர் எலும்பு விஷயத்தையே உங்கள் முன் வைக்கத் துணிந்தேன். சொல்லப் புகுவனவற்றுட் சில பெரியோர்க்குக் கசப்பாக இருக்கலாம். உரிமையுள்ள இடம் என்பதனால் சொல்லுகின்றேன், பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மவருள் ஒரு குடும்பத்தார் இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றை என்னிடம் கொணர்ந்தனர். நல்ல களையான குழந்தை, பேச்சும் தெளிவு. நடக்கும்போது மட்டும் வாத்தைப்போல இருபுறமும் சாய்ந்து சாய்ந்து நடந்தது. நடை பழகினால் சரியாகிவிடும் என்று சில மாதங்கள் காத்திருந்தார்களாம். பின்னர் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்களாம். படம் பிடித்ததில் இரண்டு இடுப்பு மூட்டுக்களும் விலகியிருந்தன. சஸ்திர சிகிச்சை வேண்டும் என்றேன். இடுப்பெலும்பை வெட்டித் திருப்பி, அந்த இடைவெளியில் ஆப்புப்போல ஓர் எலும்புத் துண்டை வைக்கவேண்டும் என்றும், பெரும்பாலும் குழந்தையின் சொந்த எலும்பே போதும், போதாதாயின் எலும்பு வங்கியிலிருந்து பெறுவோம் என்றும் விளக்கினேன்.

அதுவரை பேசாதிருந்த பாட்டி, "வங்கி எலும்பு என்றால் யாருடையது?" என்று கேட்டார்கள். இறந்தவர் ஒருவருடையதாகவோ, மூட்டு மாற்றிக்கொண்ட முதியவர் ஒருவருடையதாகவோ இருக்கும் என்றேன். "என்ன ஜாதி?" என்பது அடுத்த கேள்வி. தெரியாது, எழுதி வைக்கும் வழக்கமில்லை என்றேன். குழந்தையின் தாய், "அப்படியானால் என் எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர்" என்று அழுதாள். "ஆலோசித்து வருகிறோம்" என்று எல்லாரும் எழுந்து போனார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது குழந்தைக்கு நான்கு வயது நெருங்கிவிட்டது.

அந்த இரண்டு வருஷங்களைப்பற்றித்தான் இன்று பேச வந்திருக்கின்றேன்.

தொடை எலும்பின் மேல்நுனி ஒரு பந்துபோல உருண்டிருக்கும். இடுப்பெலும்பிலுள்ள ஒரு குழியில் அது பொருந்திச் சுழல்கின்றது. குழி நல்ல சிரட்டைபோல ஆழமாக இருப்பின் பந்து நழுவாது. சில குழந்தைகட்கு இக்குழி ஆழமின்றித் தட்டைபோலவும், அதன் மேற்கூரை சரிந்தும் அமைந்துவிடுகின்றது. பந்து மெல்ல மெல்ல வெளியேயும் மேலேயும் விலகிப்போகின்றது. இதில் விசேஷம் யாதெனில், பந்தும் குழியும் ஒன்றையொன்று வார்த்துக்கொள்பவை. பந்து உள்ளே தங்கியிருந்தால்தான் குழி ஆழமாக வளரும். பந்து வெளியேறிவிட்டால், தண்ணீர் ஓடாத வாய்க்கால் தூர்ந்துபோவதுபோலக் குழியும் தூர்ந்துபோகும். பழையாற்றுப் பாசனத்தில் வாழ்ந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குழந்தைக்கு இதனால் நோவு இராது. ஏமாற்றம் அங்கேதான் இருக்கின்றது. அழுதால் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இஃது அழாத நோய். முப்பது நாற்பது வயதில் மூட்டுத் தேய்ந்து நோவு தொடங்கும்பொழுதுதான் பலர் முதன்முதலாக வைத்தியரிடம் வருகின்றனர்.

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று அல்லது இரண்டுக்கு மூட்டு முழுதும் விலகியிருக்கும் என்பது உலகப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐவரில் நால்வர் பெண்குழந்தைகள். தலைச்சன் குழந்தைக்கும், வயிற்றில் தலை மேலாக அமர்ந்திருந்து பிறந்த குழந்தைக்கும் அபாயம் மிகுதி. குடும்ப வழியாகவும் வரும். ரூத் வின்டேவிஸ் என்னும் அம்மையார் 1970-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு குழந்தைக்கு இக்குறை இருப்பின் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 6 என்றும், தாய் தந்தையருள் ஒருவருக்கு இருந்தால் 12 என்றும், பெற்றோருள் ஒருவருக்கும் ஒரு குழந்தைக்கும் இருந்தால் 36 என்றும் கணக்கிட்டார். இதனைக் கேட்டவுடன் ஜாதகத்தோடு இதையும் சேர்த்துப் பெண்ணைத் தள்ளிவைக்கும் வழி தேடவேண்டாம். இந்தக் கணக்கின் பயன் வேறு. அத்தை சாய்ந்து நடந்தவள் என்பது தெரிந்தால், பிறந்த குழந்தையின் இடுப்பை ஆறாவது வாரத்தில் ஸ்கேன் செய்து பார்க்கலாம். நாமோ, கல்யாணம் தடைப்படும் என்று அஞ்சி அத்தையின் நடையைப்பற்றி வைத்தியரிடம்கூடச் சொல்லாமல் மறைக்கின்றோம்.

வேளையில் கண்டால் சஸ்திரமே வேண்டாம். இத்தாலி தேசத்து மரினோ ஒர்த்தோலானி 1937-இலும், இங்கிலாந்தின் பார்லோ 1962-இலும் வெளியிட்ட கைப்பரீட்சைகளால், பிறந்த சிலநாட் குழந்தையின் மூட்டு நழுவுகின்றதா என்பதைப் பழகிய வைத்தியர் ஒரு நிமிஷத்தில் அறியலாம். செக் நாட்டு பாவ்லிக் என்பவர் வகுத்த வார்க்கச்சையைக் கட்டி, கால்களை மடக்கி விரித்த நிலையில் சில வாரம் வைத்திருந்தால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் மிகப் பலருக்கு மூட்டு தானே பொருந்திவிடுகின்றது. தாய்மார்கள் வீட்டிலும் ஒன்று செய்து பார்க்கலாம். குழந்தையைச் சமதரையில் மல்லாத்தி, இரு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களைச் சேர்த்து ஊன்றி வைத்து, எந்த முழங்காலாவது தாழ்ந்திருக்கின்றதா என்று பாருங்கள். துணி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப்போல விரியாவிட்டாலும் கவனிக்கவேண்டும். இரு பக்கமும் விலகியிருந்தால் முழங்கால்கள் சமமாகவே இருந்து ஏமாற்றும். நான் சொன்ன குழந்தைக்கு அப்படித்தான் நேர்ந்தது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால சுவாஸ்த்ய காரியக்கிரமத்தில், பிறவியிலேயே தேடிக் காணவேண்டிய குறைகளின் பட்டியலில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கின்றது. ஆதலின் அரசாங்க ஆஸ்பத்திரியில் "குழந்தையின் இடுப்பைப் பார்த்தீர்களா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

நம் பாட்டிமார் குழந்தையை ஒக்கலில் கால் விரித்து வைத்துத் தூக்கினார்களே, அது மூட்டுக்கு மிக நல்லது. கால்களை நீட்டித் துணியால் இறுகச் சுற்றுவதுதான் கெடுதல். ஜப்பானியர் இதனை உணர்ந்து, 1970-களில் நாடெங்கும் பிரசாரம் செய்து, சிசுக்களின் கால்களை நீட்டிக் கட்டும் வழக்கத்தைக் குறைத்தனர். இக்குறையும் அங்கே வெகுவாகக் குறைந்தது. ஒக்கலை மறந்து, இறுகச் சுற்றிய குழந்தையைப் படமெடுத்து மகிழும் இக்காலத்துத் தாய்மார்கள் இதைக் கருதவேண்டும்.

வர்ம ஆசான்மாரைப்பற்றியும் ஒரு சொல். முறிவும் மூட்டுப் பிசகும் கட்டுவதில் நம் ஜில்லாவின் ஆசான்மாருக்குள்ள பெயர் பொய்ப்பெயர் அன்று. நான் அவர்களை இகழ மாட்டேன். ஆயினும் இது விழுந்து பிசகிய மூட்டு அன்று. பொருந்த இடமில்லாத மூட்டு. எண்ணெயும் தடவலும் குழியை ஆழப்படுத்தா. வலிந்து இழுத்தாலோ, பந்துக்குச் செல்லும் மெல்லிய இரத்தக்குழாய் நசுங்கிப் பந்தே பட்டுப்போகக்கூடும்.

இனி எலும்பு விஷயத்துக்கு வருவோம்.

ஒன்றரை வயது கடந்தபின் வரும் குழந்தைக்குப் பெரும்பாலும் மூட்டைத் திறந்தே பந்தை உள்ளே வைக்கவேண்டியிருக்கின்றது. வைத்தாலும் சரிந்த கூரையின் கீழ் அது நில்லாது. கனடா தேசத்து டொராண்டோ நகரில் ராபர்ட் ஸால்டர் என்னும் வைத்தியர் இதற்கு ஓர் உபாயம் கண்டு 1961-இல் வெளியிட்டார். குழிக்குச் சற்று மேலே இடுப்பெலும்பைக் குறுக்கே முற்றும் அறுத்து, குழியோடு கூடிய கீழ்ப்பாகத்தை முன்னும் வெளியுமாகத் திருப்பினால், சரிந்த கூரை பந்தின்மேல் வந்து கவிகின்றது. திருப்பியதும் முன்புறம் முக்கோணமாக ஒரு வாய் திறக்கும். அந்த வாயை மூட ஓர் எலும்பாப்பு வேண்டும். ஆப்பின்றேல் திருப்பியது பழையபடி மூடிக்கொள்ளும். பலகையைப் பிளந்த தச்சன் ஆப்பை உருவினால் பிளவு மூடுவதுபோல. ஆப்பை வைத்து உருக்குக் கம்பிகளைச் செருகி, ஏறக்குறைய ஆறு வாரம் இடுப்பு முதல் கால்வரை மாவுக்கட்டுப் போடுவோம். அமெரிக்காவின் பெம்பர்டன் 1965-இல் வெளியிட்ட முறையிலும், போலந்தின் டேகா வகுத்த முறையிலும் எலும்பை முழுதும் அறுப்பதில்லை; கூரையை மட்டும் வளைத்து இறக்குவர். அங்கே ஆப்பு இறுகப் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் கம்பியும் வேண்டியதில்லை. எந்த முறையாயினும் ஆப்பு தேவை.

அந்த ஆப்புக்கு முதல் இடம் குழந்தையின் இடுப்பெலும்பின் மேல்விளிம்பே. சஸ்திரம் செய்யும் அதே வாயிலேயே எடுக்கலாம். வேறு புண் வேண்டாம். அதில் உயிரணுக்கள் இருக்கின்றன, பிறர் நோய் ஒட்டுமென்ற பயமில்லை, விலையுமில்லை. கிடைத்தால் இதுவே உத்தமம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிறு குழந்தையின் விளிம்பெலும்பு மெல்லியது. சிலருக்குப் பாரம் தாங்காமல் நசுங்கிவிடும். மூளைவாத நோயால் நடவாதிருக்கும் குழந்தைகட்கு எலும்பே நொய்ந்திருக்கும். இருபக்கமும் செய்யவேண்டியிருக்கும்போதும், முன்னொருகால் எடுத்த இடத்தில் மறுபடி எடுக்க நேரும்போதும் போதாமற்போகலாம்.

பந்து வெகு உயரத்துக்கு ஏறிவிட்ட பெரிய குழந்தைகளில் இன்னோர் இடம் உண்டு. பந்தைக் கீழே இழுத்துக் குழியில் வைத்தால் தசைகள் விறைத்து அதனை நசுக்கும். ஆகவே தொடை எலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் காலைக் குறுக்குவோம். அப்படி வெட்டிய துண்டையே இடுப்பில் ஆப்பாக வைப்பதுண்டு. நல்ல உறுதியான ஆப்பு அது. முழங்காலுக்குக் கீழேயுள்ள மெல்லெலும்பிலிருந்து எடுக்கலாமே என்பார் உளர்; வளரும் குழந்தைக்கு அங்கே எடுத்தால் கணுக்கால் கோணிப்போகும் அபாயம் உண்டு. நான் அதனை விரும்புவதில்லை.

சொந்த எலும்பு போதாதவிடத்து வருவதே வங்கி எலும்பு. செயற்கையாகச் சுண்ண உப்புக்களாலே செய்த கட்டிகளும் உண்டு. அவை எளிதில் உடைவன, எலும்பாக மாறுவதிலும் சில வகைகள் மிக மந்தமானவை. மாட்டெலும்பைப் பக்குவம் செய்து விற்பதும் உண்டு. அதனைக் குறித்து மனக்கூச்சம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வைத்தியர் தவிர்த்துவிடுவார். அதில் சங்கடமொன்றுமில்லை, குழந்தைகளின் இடுப்புக்கு மனித எலும்பே மேல்.

பிறர் எலும்பை வைப்பது இன்று நேற்றுப் பிறந்த விந்தையன்று. கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்யுவென் என்னும் சஸ்திர வைத்தியர், சீழ்பிடித்து மேற்கை எலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, வேறு குழந்தைகளின் வளைந்த கால்களை நிமிர்த்துகையில் வெட்டியெடுத்த எலும்பாப்புக்களை வைத்துக் கையை மீட்டு, 1881-இல் அதனை வெளியிட்டார். அமெரிக்கக் கடற்படை 1949-இல் திசு வங்கி அமைத்தது. நம் தேசத்தில் பம்பாய் டாடா நினைவு ஆஸ்பத்திரியின் திசு வங்கி 1988-இல் தொடங்கிற்று. இறந்தவரிடமிருந்து எலும்பு முதலிய திசுக்களைப் பெறுவதும் 2011-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் 1994-ஆம் வருஷத்து உறுப்புமாற்றுச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சம்மதமின்றி எடுத்தலும், விலைக்கு வாங்கலும் விற்றலும் குற்றம்.

பாட்டியின் கேள்விக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. "எழுதி வைப்பதில்லை" என்றது உண்மைதான். ஆனால் அது கேள்விக்குப் பதிலாகாது. நிதானமாக உட்கார்த்திச் சொல்லியிருக்கவேண்டியது இதுதான். செங்கவருக்கை மாங்கிளையை வேறொரு நாட்டு மாங்கன்றில் ஒட்டுக்கட்டினால், ஒட்டிய கிளை உயிரோடு தழைத்துத் தன் ஜாதிக் காயையே காய்க்கும். எலும்பு ஒட்டு அப்படியன்று. வங்கியிலிருந்து வரும் எலும்பில் உயிர் இல்லை. அது வெறும் சாரம். வீடு கட்டச் சாரம் கட்டுகிறோமே, அதுபோல. குழந்தையின் இரத்தக்குழாய்கள் அதற்குள் நுழைகின்றன. குழந்தையின் உயிரணுக்கள் பழைய எலும்பைச் சிறிது சிறிதாக அரித்து, அரித்த இடத்தில் தம் சொந்த எலும்பைக் கட்டுகின்றன. மாதங்கள் செல்லச் செல்ல வைத்த எலும்பு கரைந்து, அவ்விடத்தில் குழந்தையின் எலும்பே நிற்கின்றது. குழந்தையின் சொந்த விளிம்பிலிருந்து எடுத்த ஆப்பிலும் பெரும்பகுதி இவ்வாறே மாற்றியமைக்கப்படுகின்றது. வங்கி எலும்பில் காலம் சற்று நீளலாம், அவ்வளவே. குழந்தைகளின் இடுப்பில் வங்கி எலும்பு நன்கு கூடியதாக வைத்தியப் பத்திரிகைகளில் பல அறிக்கைகள் வந்துள்ளன.

தாயின் எலும்பு ஏன் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். கூடாதென்பதில்லை. ஆனால் குழந்தையின் உடம்புக்குத் தாயெலும்பும் அயலெலும்பே. பிறர் எலும்புக்குச் செய்யும் பரிசோதனைகள் அனைத்தும் அதற்கும் வேண்டும். அதற்காக நோயற்ற ஒருத்தியைக் கத்திக்கு உட்படுத்தவேண்டும். மாவுக்கட்டோடு கூடிய குழந்தையை ஆறு வாரம் தூக்கிச் சுமக்கவேண்டியவள் அவள். அவளுடைய இடுப்பை நோகச் செய்வது எனக்குச் சம்மதமில்லை.

வங்கி எலும்பைக் குறித்துக் கேட்கவேண்டிய நியாயமான கேள்விகள் உண்டு. கொடுத்தவருக்கு எய்ட்ஸ் கிருமி, மஞ்சட்காமாலைக் கிருமிகளான பி, சி, மேகநோய் ஆகியவை இல்லையென்று சோதித்தார்களா? உயிரோடுள்ளவர் கொடுத்ததாயின், ஆறு மாதம் வைத்து அவரை மறுபடி சோதித்தார்களா, அல்லது அதற்கு ஈடான நுண்பரிசோதனை செய்தார்களா? எலும்பைக் கடுங்குளிரில் உறையவைத்தார்களா, ஈரமுலர்த்திக் காமாக் கதிரால் சுத்தி செய்தார்களா? இன்னுமொன்று, பெண்குழந்தையைப் பெற்றவர்கள் மறவாமல் கேட்கவேண்டியது: குழந்தையின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் ஆயின், கழுவிச் சுத்தம் செய்யாத உறைந்த எலும்பில் எஞ்சியுள்ள பாஸிட்டிவ் இரத்தத்தால், பிற்காலத்தில் அவள் கருவுறும்போது சிசுவுக்குத் தீங்கு நேரக்கூடும். அதற்கேற்ற எலும்பை வைத்தியர் தேர்ந்தெடுப்பார். ஜாதியைக் கேட்ட பாட்டி இதைக் கேட்டிருந்தால் நான் எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன்.

1838-இல் டாக்டர் ராம்ஸே நெய்யூரில் இங்கிலீஷ் வைத்தியத்தைத் தொடங்கியபோதும், பிற்காலத்தில் எவரெஸ்ட் மலையேற முயன்ற டாக்டர் ஸாமர்வெல் அங்கே பல்லாண்டு சஸ்திர சிகிச்சை செய்தபோதும், மேசையில் முன்பு படுத்தவன் யார் என்று கேட்டுக்கொண்டா நம் முன்னோர் படுத்தார்கள்? பிரசவத்தில் இரத்தம் ஏற்றுகையில் இன்று எவரும் யாருடைய இரத்தம் என்று கேட்பதில்லை. எலும்புக்கு மட்டும் இந்த விசாரணை எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

ஒருகால் "அஸ்தி" என்ற சொல்லே காரணமாக இருக்கலாம். எலும்பென்றால் நமக்குக் குமரிமுனைச் சங்கமமும் கலசமும் நினைவுக்கு வருகின்றன. 1948 பிப்ரவரி 12-இல் காந்தியடிகளின் அஸ்தியை அங்கே கரைத்ததை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்த மரியாதையை நானும் உடையவனே. ஆயினும் ததீசி முனிவர் தம் முதுகெலும்பை இந்திரனுக்கு வச்சிராயுதமாக ஈந்த கதையை நாம் கேட்டதில்லையா? அந்த இந்திரன் சாபம் நீங்கித் தூய்மை பெற்ற ஸ்தலம் என்றுதானே நம் சுசீந்திரத்துக்குப் பெயர் சொல்லுகின்றோம்? முனிவரின் குலத்தை விசாரித்துவிட்டு இந்திரன் எலும்பை வாங்கியதாக எந்தப் பௌராணிகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆதலின் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். நம்முள் இடுப்பு முறிந்தோ தேய்ந்தோ செயற்கை மூட்டு வைத்துக்கொள்ளும் முதியோர் ஆண்டுதோறும் இருக்கின்றார்கள். அப்போது வெட்டியெடுக்கப்படும் தொடைப்பந்து பெரும்பாலும் கழிவோடு எரிக்கப்படுகின்றது. ஒரு பந்திலிருந்து ஒரு குழந்தைக்கு வேண்டிய ஆப்பைச் செதுக்கலாம். சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்கு எலும்பு வங்கியோடு தொடர்பு உண்டா என்று முன்னதாகவே கேட்டு, இருந்தால் எழுத்தில் சம்மதம் கொடுங்கள். கொடுப்பவருக்கு இதனால் கூடுதல் சஸ்திரம் இல்லை. சிறிது இரத்தப் பரிசோதனைதான். நம் பத்திரிகையில் கல்யாணச் செய்திகளோடு இத்தகைய சம்மதங்களையும், விரும்புவோர் பெயரை மட்டும், வெளியிடலாமென்று காரியதரிசி அவர்களிடம் சொல்லியிருக்கின்றேன்.

அந்தக் குழந்தையின் செய்தியை முடிக்கவில்லை. நான்காம் வயதில் அவளைக் கொண்டுவந்தபோது பந்துகள் இரண்டும் மேலும் உயர ஏறியிருந்தன. முதலில் வந்தபோது கூரையை மட்டும் திருப்பினால் போதியிருக்கும். இப்போது தொடை எலும்பையும் வெட்டிக் குறுக்கவேண்டியதாயிற்று. ஒவ்வொரு பக்கமாக, சில மாத இடைவெளி விட்டு இருமுறை சஸ்திரம் நடந்தது. குறுக்கியபோது கிடைத்த துண்டே ஆப்புக்குப் போதுமானதாக இருந்தது. எந்த வங்கி எலும்புக்கு அஞ்சி இரண்டு வருஷம் ஓடினார்களோ, அது கடைசிவரை தேவைப்படவே இல்லை. பாட்டி என்னிடம், "அப்போதே இப்படிச் செய்திருக்கலாமே, டாக்டர்?" என்றார்கள். அப்போது வெட்டுவதற்குக் காலெலும்பு மிச்சமில்லை, பாட்டி. காத்திருந்ததனால் வந்த மிச்சம் இது என்றேன். அவர்களுக்கு விளங்கியதோ இல்லையோ, அறியேன்.

அவள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றாள். வலப்பக்கம் சிறிது சாய்வு உண்டு, களைத்தால் தெரியும். அவளுடைய தம்பி பிறந்த ஆறாம் வாரத்தில் தாய் தானே ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள், அவனுக்குக் குறையொன்றுமில்லை.

கூட்டம் முடிந்தபின் நான் கொஞ்சநேரம் புத்தகசாலை அறையில் இருப்பேன். இவ்வளவு பேர் முன்னிலையில் எழுந்து கேட்கக் கூசும் தாய்மார்கள் குழந்தையோடு அங்கே வரலாம். பழைய படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள்.